வெறும் காற்று

என் அத்தா இரண்டு வருடமாகத் தொழுவதில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஒரு பெரிய மனுஷன் பெற்ற மகளிடமே இப்படிக் கள்ளத்தனம் செய்வதைப் பார்த்தால் ஒரு பக்கம் சிரிப்பு வரும், இன்னொரு பக்கம் பற்றிக்கொண்டு வரும். உத்திரமேரூர் பஜாரில் பம்ப்செட் சாமான் விற்கிற வஹாப் பாய் என்றால் சுற்றுப்பட்டு ஊர்களில் தெரியாதவர்கள் கிடையாது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும், கடையில் எத்தனை பேர் நின்றாலும் சரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. மாடியைப் பார்த்து, "இர்பானா, தொழுதுட்டு வந்துடறேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, எதிரே இருக்கும் பள்ளிவாசலைப் பார்த்து நடப்பார். அதுவரைக்கும் எல்லாம் சரிதான். பள்ளிவாசலை ஒட்டி ஒரு சந்து போகிறது. அந்தச் சந்தில் எங்கள் குடோன். சட்டென்று அதற்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் சத்தம் கேட்டதும் மெல்லத் திறந்துகொண்டு வந்து கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடுவார்.

மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போன ஒரு நாள் இதைப் பார்த்தேன். குடோன் ஜன்னல் வழியாக, பிளாஸ்டிக் குழாய்க் கட்டின் மேல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பீடி குடிக்கவில்லை, பேப்பர் படிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலுக்குள் தொழுதவர்களுக்கு வஹாப் பாய் வரிசையில் இல்லை என்பது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், வரும்போது வரட்டும் என்று விட்டிருந்தார்கள். ஆக, ஊருக்கே தெரிந்த ரகசியத்தை என் ஒருத்தியிடம் காப்பாற்ற அந்த மனுஷன் தினமும் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

என் அம்மா உம்முல் குல்சும் கிட்னி கெட்டுப்போய் ஒரு வருடம் படுத்திருந்தார். அந்த ஒரு வருடமும் அத்தா ஒரு வேளை தொழுகையை விடவில்லை. நடுச்சாமத்திலும் எழுந்து, கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழுதார், நோன்பு வைத்தார். கடை பெருக வேண்டும், நிலம் வாங்க வேண்டும் என்றெல்லாம் அவர் அல்லாஹ்விடம் எதுவும் கேட்டவர் இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். அது கிடைக்கவில்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததோடு சரி, பங்காளிச் சண்டையில் பேச்சு நின்றுபோவதுபோல, அவருக்கும் அல்லாஹ்வுக்கும் பேச்சு நின்றுபோனது.

அவர் தொழாததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. மனுஷன் சிரிப்பதையே விட்டுவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். கடையில் கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பார், விலை சொல்வார், அவ்வளவுதான் பேச்சு. அம்மா போன வழியிலேயே இவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. நானும் வேளை தவறாமல் தொழுதுகொண்டுதான் இருந்தேன். என் அத்தாவைத் திருப்பிக் கொடு என்று ஒன்றைத்தான் கேட்டேன். கேட்கும்போதே, போன முறை கேட்டதற்கு என்ன நடந்தது என்ற நினைப்பும் கூடவே வரும்.

எங்கள் பள்ளிவாசலில் மஃரிப் நேரத்துக்கு வாசல்படி ஓரமாகப் பெண்கள் நிற்பார்கள். முக்கால்வாசி இந்துப் பெண்கள்தான். களையெடுத்த சேற்றுக் காலோடு வந்து நிற்பவர்களும் உண்டு. இடுப்பில் குழந்தை, சிலர் கையில் சொம்புத் தண்ணீர். குழந்தை பயந்துகொண்டது, பால் குடிக்கவில்லை, தூங்கவில்லை, காய்ச்சல் என்று ஆளுக்கொரு காரணம். தொழுதுவிட்டு வெளியே வருகிற ஆண்களின் முன்னால் குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். வருகிறவர் வாய்க்குள் ஒரு குர்ஆன் வசனம் ஓதி, குழந்தையின் முகத்தில் மெதுவாக ஊதிவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து ஊதுவார். சில குழந்தைகள் கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கும், சில வீல் என்று கத்தும். யாரும் யாரிடமும் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. கடைசி ஆள் வந்ததும் பெண்கள் முந்தானையால் குழந்தையைப் போர்த்திக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள்.

என் அத்தாவுக்குக் கண்டமே இந்த வாசல்தான். குடோனிலிருந்து வந்து கூட்டத்தில் கலந்தால் இந்தப் பெண்களைத் தாண்டித்தான் ஆகவேண்டும். பெரிய உடம்புக்காரர் யாருக்காவது பின்னால் பதுங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஒரே எட்டில் ரோட்டுக்கு வந்துவிடுவார். நான் ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் ஐப்பசி மழை கொட்டிய ஒரு சாயங்காலம் அவரால் தப்ப முடியவில்லை. பெண்கள் எல்லோரும் மழைக்கு ஒதுங்கி வாசல் வளைவுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். போக வழியில்லை. மாநிறத்தில் ஒல்லியாக ஒரு பெண் குழந்தையை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டிவிட்டாள்.

"பாய், நேத்துலருந்து பாலே குடிக்கல பாய். வீல் வீல்னு அயுவுது. கொஞ்சம் ஊதுங்க."

அத்தா திருதிருவென்று விழித்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். முன்னே போகவும் முடியவில்லை, பின்னே போகவும் முடியவில்லை. பின்னாலிருந்து ஆட்கள் தள்ளுகிறார்கள். குனிந்தார், ஊதினார், மழையில் இறங்கி விடுவிடுவென்று வந்துவிட்டார். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துபோனார்.

நான்கைந்து நாள் கழித்து அந்தப் பெண் கடைக்கே வந்துவிட்டாள். திருப்புலிவனத்துக்காரி, சுலோச்சனா. புருஷன் முத்துவேல் லாரியில் லோடு ஏற்றப் போகிறவன், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். மஞ்சள் பை நிறையக் கத்தரிக்காய் கொண்டு வந்திருந்தாள்.

"நம்ம கொல்லையில காச்சது பாய். நீங்க ஊதுன ராத்திரியே இளமதி கண்ணு தொறக்காம தூங்குச்சி. காலையில வயிறு நெறைய பால் குடிச்சிச்சி. இனிமே எதுன்னாலும் உங்ககிட்டதான் வருவேன்."

இடுப்பில் இருந்த இளமதி என் அத்தாவைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தாள். அத்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்போல நின்றார்.

அவள் போனதும் எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "இன்னா சூரா ஓதி ஊதுனீங்க அத்தா?" என்று கேட்டேன்.

"அல்ஹம்து சூராதான்" என்றார், பால் பேரிங் டப்பாவைத் துடைத்தபடி. அது துடைத்த டப்பா. மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப்பின் சுலோச்சனா வாரத்தில் ஒரு நாளாவது வந்துவிடுவாள். மற்றவர்கள் ஊத வந்தால், "வஹாப் பாய் வரட்டும்ணா" என்று குழந்தையைத் தன் தோளில் திருப்பிப் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் அத்தா குடோனை விட்டு வரவே இல்லை. தொழுதவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், மற்றப் பெண்களும் போய்விட்டார்கள். இவள் மட்டும் படியில் நிற்கிறாள். குடோன் கதவு இடுக்கில் என் அத்தா ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார், மூடுகிறார், திரும்பப் பார்க்கிறார். கடைசியில் மனுஷனால் தாங்க முடியாமல், ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவர்போல வந்து ஊதிவிட்டுப் போனார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அந்தக் குழந்தையை அவர் பார்த்த விதம் அப்படி. அதன் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுவிட்டு, சுட்டுவிட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மஃரிப் பாங்கு முடிந்து அத்தா தொப்பியோடு கிளம்பிப் போய்விட்டார். ஜன்னலைச் சாத்த வந்த நான் படியில் சுலோச்சனா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, எப்போதும் நிற்கிறவள். மடியில் குழந்தையைத் துண்டால் சுற்றி வைத்திருந்தாள். எனக்கு என்னவோ போலிருந்தது. கீழே ஓடினேன்.

குழந்தையின் நெற்றியைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டேன், அப்படிக் கொதித்தது. கண் பாதி திறந்து மேலே சொருகிக்கொண்டிருந்தது. கை துவண்டு தொங்கியது. அழக்கூட இல்லை.

"இன்னாக்கா இது! ஆஸ்பத்திரிக்கித் தூக்கிக்கினு போவாம இங்க வந்து உக்காந்துகினு கீறீங்க?"

"மத்தியானத்துலருந்து இப்டிதான் கீது பாப்பா. அவரும் ஊர்ல இல்ல. பாய் வந்து ஊதிட்டாருன்னா தெகிரியமா போயிடுவேன். அன்னிக்கி அவரு ஊதித்தான சரியாச்சி?"

"தொழுவ முடிய நேரம் ஆவும்க்கா. அதுவரைக்கும் கொயந்த தாங்குமா?"

"வந்துடுவாரு" என்றாள். அவள் பார்வை பள்ளிவாசல் உள்கதவைவிட்டு அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்திருக்கிறாள். அவள் நம்பி உட்கார்ந்திருக்கிற ஆள் உள்கதவுக்குப் பின்னால் இல்லவே இல்லை என்பது வெளியே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் யார் மேல் கோபம் என்றுகூடப் புரியவில்லை. சந்துக்குள் ஓடி, குடோன் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"அத்தா, கதவத் தொறங்க."

உள்ளே சத்தமே இல்லை.

"நீங்க உள்ள உக்காந்துகினு கீறது எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். அதப்பத்தி ஒண்ணியும் கேக்க வரல. அந்தக் கொயந்த சாவக் கெடக்குது. நீங்க ஊதுனாத்தான் ஆஸ்பத்திரிக்கி வருவேன்னு அவுங்க அடம் புடிச்சிக்கினு உக்காந்திருக்காங்க. வெளிய வாங்க!"

தாழ்ப்பாள் விலகியது. அத்தாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, அவருக்கு அதைவிட. ஒரு நொடி நின்றார். பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

பள்ளிவாசலுக்குள் தொழுகை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் உள்ளே நிற்க, என் அத்தா சந்திலிருந்து ஓடி வந்து நிற்பதைப் படியோரம் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் சுலோச்சனாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

"எழுந்திரும்மா. ஆஸ்பத்திரிக்கிப் போலாம்."

"ஊதுங்க பாய். ஊதிட்டா போறேன்."

"இல்லம்மா. நான் சொல்றதக் கேளு." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "நான் தொழறவன் இல்ல. ரெண்டு வருஷமாத் தொழல. எம் பொண்டாட்டி போனப்பறம் உள்ளயே போல. தோ அந்தக் குடோன்ல உக்காந்துட்டு எல்லாரையும் ஏமாத்திக்கினு வரேன். அன்னிக்கி உம்புள்ளைக்கி ஒண்ணும் ஓதல. அப்பறமும் ஓதல. நான் ஊதனது வெறும் காத்து. அத நம்பி இங்க உக்காந்துக்கினு புள்ளைய உட்டுடாதம்மா."

படியோரம் நின்ற பெண்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க இனிப் பேசும், பேசட்டும் என்று நினைத்துக்கொண்டேன். சுலோச்சனா அவரையே பார்த்தாள். கோபப்படுவாள், காரித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்குத் தெரிந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"சரி பாய்" என்றாள். "ஊதுங்க. ஊதிட்டுப் போலாம்."

"காதுல உழலியாம்மா? வெறும் காத்துன்னு சொல்றேன்."

"அந்தக் காத்ததான் பாய் கேக்கறேன்."

அத்தா குனிந்தார். அந்தக் கொதிக்கிற நெற்றியில் மெதுவாக, நீளமாக ஊதினார். சுலோச்சனா உடனே எழுந்துவிட்டாள். நான் அதற்குள் சாமுவேல் அண்ணனின் ஆட்டோவை நிறுத்தியிருந்தேன்.

ஆட்டோவில் குழந்தை அத்தாவின் மடியில் இருந்தது. என் துப்பட்டாவை மழையில் நனைத்து அதன் உடம்பில் போர்த்தினேன். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி தூக்கிப் போட்டது. அத்தா ஊதுவதை நிறுத்தவே இல்லை. நெற்றியில், கண்ணில், நெஞ்சில் என்று ஊதிக்கொண்டே வந்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவர் உதடு அசைந்தது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை, குனிந்து காதைக் கொடுத்தேன்.

"யா ஷாஃபி... யா ஷாஃபி..."

குணமாக்குகிறவனே, குணமாக்குகிறவனே. அம்மாவின் கட்டில் ஓரத்தில் ஒரு வருடம் முழுக்க நான் கேட்ட வார்த்தை. அவர் வாயால் மறுபடி கேட்பேன் என்று நினைக்கவே இல்லை. அதைச் சொல்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். எனக்குப் பயமாக இருந்தது. போன முறை கேட்டதுபோல இந்த முறையும் ஆகிவிட்டால் இந்த மனுஷனை யார் எடுத்து நிறுத்துவது? அல்லாஹ்விடம் நான் அப்போது பேசிய பேச்சு மரியாதையான பேச்சு இல்லை. இந்த ஒரு தரமாவது கேள், இல்லையென்றால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் உன் பக்கம் வரமாட்டோம் என்று சண்டைக்காரி மாதிரி கேட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே குழந்தைக்கு வெட்டி இழுத்தது. நர்ஸ் ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனார். டாக்டரம்மா ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, திடீரென்று வீல் என்று ஓர் அழுகை கேட்டது. நல்ல கோபமான, தெம்பான அழுகை. சுலோச்சனா எழுந்து உள்ளே ஓடினாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, "ஜுரம் எறங்குது. நல்ல வேள, நேரத்தோட தூக்கிட்டு வந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சுலோச்சனா திரும்பி வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "தூங்குது" என்றாள். பிறகு அத்தா பக்கம் திரும்பிக் கேட்டாள்: "உங்க வூட்டுக்காரம்மாவுக்கும் ஓதிப் பாத்தீங்களா பாய்?"

"பாத்தேன். ஒரு வருஷம் ஓதனேன். போயிட்டா."

சுலோச்சனா தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்ளோ கேட்டும் உங்களுக்குக் குடுக்கல. அப்டியும் எம்புள்ளைக்கி ஊதனீங்களே பாய்" என்றாள்.

அத்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடமாக அவருக்கு ஆறுதல் சொன்னவர்கள் அத்தனை பேரும், எல்லாம் அவன் நாட்டம், பொறுத்துக்கொள் என்றுதான் சொன்னார்கள். நீ கொடுத்தாயே என்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததை நான் பார்த்தேன்.

வராந்தாவில் சுவரோரம் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள், டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துக்குக் காத்திருப்பவள். அவள் தோளில் ஒரு பையன் இருமிக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரம் எங்கள் பேச்சைக் கேட்டிருப்பாள். ஒரு வருடம் ஓதியும் பெண்டாட்டியைக் காப்பாற்ற முடியாதவர் என்பதும் அவள் காதில் விழுந்திருக்கும். தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள்.

"பாய், எம்புள்ளைக்கும் கொஞ்சம் ஊதறீங்களா?"

என் அத்தா எங்கே ஓடிவிடுவாரோ என்று நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் ஓடவில்லை.

"புள்ள பேர் இன்னாம்மா?" என்று கேட்டார்.

"ஏகாம்பரம் பாய்."

"ஏகாம்பரமா? ஆளு சின்னதா கீறான், பேரு பெரிசா கீதே" என்றார். சிரித்தார். சின்னச் சிரிப்புதான், பல்கூடத் தெரியவில்லை. பிறகு எழுந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, "ஒரு நிமிஷம் இரும்மா, வந்துடறேன்" என்று வராந்தா கோடிக்குப் போனார்.

அங்கே ஒரு குழாய் இருந்தது. அதைத் திறந்து கையைக் கழுவினார், வாய் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார். அவசரமே இல்லை. முழங்கை வரை தண்ணீர் வழிய விட்டார், ஈரக் கையால் தலையைத் தடவினார், குனிந்து கால்களைக் கழுவத் தொடங்கினார்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையனைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இருங்கக்கா" என்றேன். "எங்க அத்தா ஒளு பண்றாரு."